4கே புட்டேஜ் எடிட் பண்ண எந்த இன்டர்மீடியட் கோடெக் நல்லது? டிஸ்க்ல இடமும் இல்ல, லேப்டாப்பும் தாங்கல

பூக்குழி கேமரா (ரங்கூன்):

வணக்கம். ரங்கூன்ல கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழான்னு வீடியோ எடுத்துக் குடுத்துட்டு இருக்கேன், எடிட்டிங்கும் நானே தான். இப்ப பீலிக்கான் கோயில் தீமிதி எடுத்த புட்டேஜ் கையில இருக்கு. ரெண்டு சோனி கேமரா, ரெண்டுலயும் 4கே, 29.97, 100 எம்பிபிஎஸ், எச்.264, 8 பிட். அது போக கூட்டத்துக்குள்ள நின்னு பசங்க போன்ல எடுத்தது கொஞ்சம். எல்லாம் சேத்து பத்து மணி நேரம் வரும், கார்டுல இருந்து இறக்குனதே 450 ஜிபி கிட்ட ஆயிருச்சு. என்கிட்ட இருக்கறது வெளி ஹார்ட் டிஸ்க் 2 டிபி ஒண்ணு, லேப்டாப் உள்ள 512 எஸ்எஸ்டி, அதுலயும் பாதி ஏற்கனவே நிறைஞ்சு கிடக்கு.

லேப்டாப் எட்டாவது ஜெனரேஷன் ஐ5, 16 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. விண்டோஸ்ல டாவின்சி ரிசால்வ் ப்ரீ வெர்ஷன். ஒரு கேமராவ மட்டும் டைம்லைன்ல போட்டா எப்படியோ ஓடுது. ரெண்டையும் மல்டிகேம்ல போட்டுட்டு, ஒருத்தர் பூக்குழில மொத கால் வைக்கிற அந்த எடத்துல கட் பண்ணலாம்னு முன்ன பின்ன இழுத்தா படம் அப்படியே நின்னுடுது, பம்பை சத்தம் மட்டும் ஓடுது, அப்புறம் படம் ஒரே தாவா தாவி அவர் பாதி தூரம் போன எடத்துல வந்து நிக்குது. அந்த ஒரு கட்டுக்கே அரை மணி நேரம் போயிடுது.

தெரிஞ்சவங்க எல்லாம் "இன்டர்மீடியட் கோடெக்குக்கு மாத்திட்டு எடிட் பண்ணு"ன்னு சொல்றாங்க, அதாவது எடிட்டிங்குக்கு லேசா இருக்கற மாதிரி நடுவுல மாத்தி வைக்கிற பார்மேட். சரின்னு ஷட்டர் என்கோடர்னு ஒரு சாப்ட்வேர்ல ஒரு மணி நேர கிளிப்ப ப்ரோரெஸ் 422-ஆ மாத்திப் பாத்தேன், 265 ஜிபி வந்து நிக்குது. பத்து மணி நேரத்துக்கும் பண்ணா 2.6 டிபி, அதுக்கு நான் எங்க போறது. ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர், சினிபார்ம்னு ஆளாளுக்கு ஒரு பேரு சொல்றாங்க. எனக்கு வேண்டியது, எடிட்டிங் தடங்கல் இல்லாம ஓடணும், இடம் கம்மியா பிடிக்கணும், கடைசில குவாலிட்டி போகக் கூடாது. பைனல் 1080பி தான், ஒண்ணு யூடியூபுக்கு, ஒண்ணு கோயில் கமிட்டிக்கு பென்டிரைவ்ல. பாதி எடிட்ட மோல்மீன்ல இருக்க நண்பர் பண்ணித் தர்றதா சொல்லியிருக்காரு, இங்க இருக்க நெட்டுல அவருக்கு 450 ஜிபி அனுப்புறதெல்லாம் நடக்காது. எப்படிப் போகலாம்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


டைம்லைன் (மோல்மீன்):

ஒரிஜினல தொடாதீங்க அண்ணே. ரிசால்வ்லயே கிளிப் எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ப்ராக்ஸி மீடியா, அதாவது எடிட்டுக்கு மட்டும் சின்ன சைஸ் நகல் போடுங்க, சைஸ் பாதி இல்ல கால்வாசி, பார்மேட் டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி. அதுல எடிட் பண்ணிட்டு எக்ஸ்போர்ட் பண்றப்ப ஒரிஜினல்ல இருந்து எடுங்க. ப்ரோரெஸ் 422-க்கு முழுசா மாத்துறது உங்க டிஸ்க்குக்கு ஒத்து வராது.


கலர் டெஸ்க் (ரங்கூன்):

மேல சொன்ன பதில் தான் சரி, ஆனா ஏன்னு தெரிஞ்சுக்கிட்டா அடுத்த ப்ராஜெக்ட்ல நீங்களே முடிவு பண்ணிக்கலாம், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன் தம்பி.

உங்க கேமரா எழுதுற எச்.264-ல ஒவ்வொரு பிரேமும் முழுப் படமா இருக்காது. அங்கங்க ஒண்ணு தான் முழுப் படம், அத ஐ பிரேம்னு சொல்றது, நடுவுல இருக்கறதெல்லாம் "முந்தின பிரேம்ல இருந்து இது இது மாறியிருக்கு, அடுத்த பிரேம்ல இருந்து இது இது எடுத்துக்கோ"ன்னு குறிப்பு மட்டும் தான், பி (P) பிரேம், பி (B) பிரேம்னு. இதத் தான் லாங் ஜிஓபின்னு சொல்றாங்க. ஆபீஸ்ல ஒரு பேப்பர் கேட்டா ஒவ்வொருத்தரும் பக்கத்து சீட்டக் கை காட்டுவாங்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. நேரா ப்ளே பண்ணா வரிசையா வர்றதால சமாளிச்சிடும். நீங்க பின்னால இழுத்தா, எந்த பிரேம்ல நிக்கிறீங்களோ அதுக்கு முன்னாடி இருக்க ஐ பிரேமுக்குப் போய் அங்க இருந்து ஒண்ணொண்ணா அவிழ்த்துக்கிட்டு வரணும். ரெண்டு கேமரான்னா ரெண்டு மடங்கு வேலை, 4கேன்னா 1080பி-ய விட நாலு மடங்கு பிக்சல். படம் நின்னுட்டு சத்தம் மட்டும் ஓடுறது அதனால தான், லேப்டாப்ல கோளாறு எதுவும் இல்ல.

ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர், சினிபார்ம் மூணுமே ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியா முழுசா எழுதி வைக்கிற கோடெக். எந்த பிரேம்ல போய் நின்னாலும் அந்த ஒண்ண மட்டும் அவிழ்த்தா போதும், சிபியுக்கு வேலை ரொம்பக் கம்மி. அதுக்குக் குடுக்குற விலை தான் பைல் சைஸ். அங்க தான் உங்க கணக்கு இடிக்குது. 4கே 29.97-ல ப்ரோரெஸ் 422 சுமார் 589 எம்பிபிஎஸ், அது மெகாபிட், எட்டால வகுத்தா செகண்டுக்கு 74 எம்பி (மெகாபைட்) கிட்ட. ரெண்டு கேமராவும் சேந்து ஓடுனா 147 எம்பி. சின்ன போர்ட்டபிள் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் நல்லா ஓடுற நேரத்துலயே செகண்டுக்கு நூத்திச் சொச்சம் எம்பி தான் படிக்கும், அதுவும் ரெண்டு பைல்ல மாறி மாறிப் படிக்கணும்னா இன்னும் குறையும். அதனால நீங்க 3 டிபி டிஸ்க்கு வாங்கி எல்லாத்தையும் மாத்தியிருந்தாக்கூட மல்டிகேம் நின்னு நின்னு தான் ஓடியிருக்கும், அடைப்பு சிபியுல இருந்து டிஸ்க்குக்கு எடம் மாறியிருக்கும், அவ்வளவு தான். இந்த விஷயத்த யாரும் சொல்றதே இல்ல, எல்லாரும் "ப்ரோரெஸ் போடு"ன்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க.

இப்ப ப்ராக்ஸி கணக்கப் பாருங்க. 1080பி 29.97-ல டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பியோ ப்ரோரெஸ் ப்ராக்ஸியோ 45 எம்பிபிஎஸ் கிட்ட வரும், மணிக்கு 20 ஜிபி, பத்து மணி நேரத்துக்கு 200 ஜிபி. ரிசால்வ்ல கால்வாசின்னு வச்சா 960க்கு 540, மணிக்கு சுமார் 5 ஜிபி, மொத்தமே 50 ஜிபி தான். அது உங்க எஸ்எஸ்டிக்குள்ளயே அடங்கிடும், வெளி டிஸ்க்க எடிட் பண்ற நேரத்துல தொடவே வேண்டாம். மோல்மீன் நண்பருக்கும் 64 ஜிபி பென்டிரைவ்ல போட்டு எக்ஸ்பிரஸ் பஸ்ல பார்சல் விட்டுடலாம், அவர் எடிட் பண்ணிட்டு ப்ராஜெக்ட் பைல மட்டும் திருப்பி அனுப்புனா போதும், அது சின்னது, இங்க இருக்க நெட்டுல தாராளமாப் போகும்.

இன்னொண்ணு. மாத்துனா குவாலிட்டி ஏறும்னு நெறைய பேர் நம்புறாங்க, ஏறாது. உங்க கேமரா எழுதுனது 8 பிட், 4:2:0, அதாவது கலர் விவரத்தக் கம்மியா பதியற முறை. அத ப்ரோரெஸ்லயே பெரிய சைஸான எச்க்யூல 10 பிட்டா எழுதுனாலும் உள்ள இருக்கறது அதே 8 பிட் கலர் தான். ராத்திரி தீமிதில தணல் மேல புகை எழும்புற ஷாட்ல கட்டம் கட்டமாத் தெரியுதுன்னா அது கேமராவுலயே பதிவாயிருச்சு, எந்த கோடெக்குக்கு மாத்துனாலும் அந்தக் கட்டம் போகாது, பைல் மட்டும் தான் பெருசாகும்.

ப்ரோரெஸா டிஎன்எக்ஸ்எச்ஆரான்னு கேட்டா ஒரே அளவு பிட்ரேட்ல கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ப்ரோரெஸ் ஆப்பிளோடது, 2007-ல வந்தது, ரொம்ப நாளா விண்டோஸ்ல அத எழுதுறதுக்கு வழி கம்மியா இருந்ததால தான் விண்டோஸ் ஆளுங்க அவிட் கம்பெனில இருந்து வந்த டிஎன்எக்ஸ் பக்கமே பழகிட்டாங்க, டிஎன்எக்ஸ்எச்ஆர் அந்தக் குடும்பம் தான். சினிபார்மும் நல்ல கோடெக், கோப்ரோ கம்பெனி 2011-ல வாங்கி அப்புறம் 2017-ல சோர்ஸையே வெளிய விட்டுட்டாங்க, ஆனா அத சப்போர்ட் பண்ற சாப்ட்வேர் மத்த ரெண்ட விடக் கம்மி. நீங்க விண்டோஸ், ரிசால்வ், அதனால டிஎன்எக்ஸ்எச்ஆர். இதுல ரொம்ப யோசிக்க ஒண்ணும் இல்ல.


அலை வீடியோ (மோல்மீன்):

கலர் டெஸ்க் அண்ணே சொன்னதுல முக்காவாசி ஒத்துக்கறேன், ஆனா ப்ராக்ஸி தான் ஒரே வழின்னு நான் சொல்ல மாட்டேன். பைனல் 1080பி தானே. அப்ப எல்லாத்தையும் 1080பி ப்ரோரெஸ் எல்டியா, அதாவது 422-அ விட சின்ன ப்ரோரெஸா மாத்திட்டு அதையே ஒரிஜினல் மாதிரி வச்சு எடிட் பண்ணலாம். எல்டி 1080பி 29.97-ல 102 எம்பிபிஎஸ், மணிக்கு 46 ஜிபி, பத்து மணி நேரத்துக்கு 460 ஜிபி. கேமரா பைல் 450 ஜிபி, ரெண்டும் சேந்தாலும் 2 டிபில பாதிக்குள்ள தான். டிஎன்எக்ஸ்எச்ஆர்ல போனா எல்பிக்கு அடுத்தது எஸ்க்யூ தான், அது 145 எம்பிபிஎஸ், எல்டி மாதிரி நடுவுல ஒண்ணு கிடையாது, அதனால தான் இந்த வேலைக்கு எனக்கு ப்ரோரெஸ் எல்டி பிடிக்கும்.

லாபம் என்னன்னா ப்ராக்ஸி, ஒரிஜினல்னு மாத்தி மாத்தி லிங்க் பண்ற தொல்லை கிடையாது, கலர் பாக்குறதும் அதே பைல்ல, டைட்டில், டிரான்சிஷன் போட்டுப் பாக்குறதும் அதே பைல்ல. ரெண்டாவது, பைனல் ரெண்டர். ப்ராக்ஸி வழில கடைசில லேப்டாப் மறுபடி அந்த 4கே எச்.264-அ அவிழ்த்து தான் ஆகணும், இந்த மாதிரி ஐ5-ல ரெண்டு மணி நேரப் படம்னா ரெண்டர் ராத்திரி முழுக்க ஓடும், நடுவுல கரண்ட் போனா கதை முடிஞ்சுது. எல்டில இருந்து ரெண்டர் பண்ணா அந்த அவிழ்க்கிற வேலை முன்னாடியே முடிஞ்சிருக்கும். நான் கல்யாண வேலை எல்லாம் இப்படித் தான் பண்றேன்.


பூக்குழி கேமரா (ரங்கூன்):

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா யாரும் இதுவரைக்கும் சொன்னதில்ல. கலர் டெஸ்க் அண்ணே, டிஸ்க் வேகம் பத்தி நீங்க சொன்னப்பறம் அந்த ப்ரோரெஸ் 422 கிளிப்ப வெளி டிஸ்க்ல இருந்து ஓட்டிப் பாத்தேன், ஒரு கிளிப் தனியா நல்லா ஓடுது, அதையே காப்பி எடுத்து பக்கத்துல வச்சு ரெண்டா ஓட்டுனா நீங்க சொன்ன மாதிரியே திக்குது, டாஸ்க் மேனேஜர்ல சிபியு சும்மா கிடக்கு, டிஸ்க் 100 சதவீதம்.

அலை அண்ணே, நீங்க சொல்ற எல்டி வழியும் பிடிச்சிருக்கு, ஆனா நான் 4கேல எடுத்ததே எடிட்ல உள்ள தள்ளி க்ராப் பண்றதுக்குத் தான். ரெண்டாவது கேமரா தூரத்துல இருந்து முழுக் குழியையும் பிடிச்சிருக்கு, அதுல இருந்து கரகம் தூக்கிட்டு வர்ற அம்மாவ மட்டும் கிட்டக்க காட்டணும். 1080-க்கு இறக்கிட்டா அது போயிடும் இல்லையா.

இன்னும் ரெண்டு சந்தேகம். போன்ல எடுத்த கிளிப் எல்லாம் ஆரம்பத்துல சத்தத்தோட சரியா இருக்கு, போகப் போக வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம்னு விலகிடுது. அப்புறம் கரண்ட். எங்க ஏரியால முறை வச்சுத் தான் வருது, லேப்டாப் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும், வெளி டிஸ்க்கும் அதுலயே தொங்குது. மாத்துற வேலை நடுவுல நின்னா என்ன ஆகும்?


கலர் டெஸ்க் (ரங்கூன்):

க்ராப் வேணும்னா 4கே ஒரிஜினல் இருந்தே ஆகணும், அலை தம்பியோட வழி அங்க ஒத்து வராது. மத்தபடி க்ராப்பே இல்லாத வேலைன்னா, மண்டபத்துல ஒரே எடத்துல ரெண்டு கேமராவ நிறுத்தி எடுத்த ரிசப்ஷன் மாதிரி, அவர் சொல்றது நல்ல வழி தான், நானும் பண்ணுவேன்.

போன் விஷயம் கோடெக்க விட முக்கியம். போன்ல பிரேம் ரேட் ஒரே சீரா இருக்காது, வெளிச்சம், சூடு இதப் பொறுத்து 30, 29, 27ன்னு ஏறி இறங்கும், விஎப்ஆர்னு சொல்றது. எடிட்டிங் சாப்ட்வேர் அத ஒரே சீரான ரேட்னு எடுத்துக்குது, அதனால தான் போகப் போக சத்தம் விலகுது. போன் கிளிப்புக்கு மட்டும் ப்ராக்ஸி வேண்டாம், முழுசா மாத்திடுங்க. ஷட்டர் என்கோடர்ல பிரேம் ரேட் 29.97னு கட்டாயப்படுத்தி, ஒரிஜினல் சைஸ்லயே டிஎன்எக்ஸ்எச்ஆர் எஸ்க்யூவா எழுதி, அந்தப் புது பைலத் தான் ப்ராஜெக்ட்ல சேக்கணும். கொஞ்ச நேர கிளிப் தானே, பைல் பெருசானாலும் மொத்தத்துல பெருசா இடம் போகாது. இங்க தான் இன்டர்மீடியட் கோடெக் உண்மையிலயே ஒரிஜினலுக்குப் பதிலா உக்காருது. சோனி கிளிப்புக்கு ப்ராக்ஸி, போன் கிளிப்புக்கு முழு மாத்தல், இப்படிப் பிரிச்சுக்கோங்க.

ஹேண்ட்பிரேக்னு இன்னொரு சாப்ட்வேர்ல பண்ணலாமான்னு சிலர் கேப்பாங்க. அதுலயும் சீரான ரேட்டுக்கு மாத்த முடியும், ஆனா அதுல வழக்கமா எழுதுறது எச்.264, எச்.265, ஏவி1 மாதிரி பார்மேட் தான். சத்தம் சரியாகும், இழுக்கறப்ப திக்குறது திக்கிக்கிட்டே தான் இருக்கும்.


பெகு ஸ்டூடியோ அக்கா (பெகு):

கரண்ட் கேள்விக்கு நான் சொல்றேன் தம்பி, இதுல நான் நெறைய பாத்தாச்சு.

எம்ஓவி, எம்பி4 ரெண்டுலயும் எந்த பிரேம் எங்க இருக்குன்ற அட்டவணைய பைலோட கடைசில, முடிக்கிற நேரத்துல தான் எழுதும். நடுவுல கரண்ட் போய் சாப்ட்வேர் செத்துதுன்னா 20 ஜிபி எழுதியிருந்தாலும் அந்த பைல் தொறக்காது. டேட்டா உள்ள தான் இருக்கும், ஆனா அட்டவணை இல்லாததால எந்த ப்ளேயரும் எடுத்துக்காது. எம்கேவில அப்படி இல்ல, பாதில நின்னாலும் நின்ன வரைக்கும் ஓடும், ஆனா எடிட்டிங்குக்கு எல்லா சாப்ட்வேரும் எம்கேவிய விரும்பாது. அதனால எம்ஓவிலயே போங்க, ஆனா கிளிப் கிளிப்பா போங்க. கேமரா கொடுத்த கிளிப் எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து ஒரே நீளமான பைலா மாத்தவே கூடாது. தனித்தனியா வரிசைல விட்டா, கரண்ட் போனா அந்த நேரத்துல ஓடிட்டு இருந்த ஒரு கிளிப் மட்டும் போகும், முடிஞ்சதெல்லாம் பத்திரமா இருக்கும். கரண்ட் வந்ததும் கடைசியா எழுதுன பைல அழிச்சிட்டு அங்க இருந்து ஆரம்பிங்க. அழிக்க மறந்துடாதீங்க, பாதி எழுதுன பைல் அதே பேர்ல போல்டர்ல கிடந்தா சாப்ட்வேர் அது முடிஞ்சுதுன்னு நினைச்சுத் தாண்டிப் போயிடலாம், எடிட்ல அந்த கிளிப் மட்டும் மீடியா ஆப்லைன்னு சிவப்பா நிக்கலாம்.

வெளி டிஸ்க் என்ன பார்மேட்னு பாருங்க. எக்ஸ்பேட்னா எழுதிட்டு இருக்கறப்ப கரண்ட் போனா போல்டரே குழம்பிப் போக வாய்ப்பு இருக்கு, அதுக்கு ஜர்னல், அதாவது என்ன எழுதிட்டு இருந்தோம்னு குறிச்சு வைக்கிற பதிவு, கிடையாது. விண்டோஸ்ல மட்டும் தான் வேலைன்னா என்டிஎப்எஸ் வச்சுக்கோங்க. கேமரா ஒரிஜினல் எந்த டிஸ்க்ல இருக்கோ அதுலயே ப்ராக்ஸியும் எழுதுறத நான் பண்ணவே மாட்டேன். ஒரிஜினல் டிஸ்க்க படிக்க மட்டும் வச்சுக்கிட்டு ப்ராக்ஸிய உள் எஸ்எஸ்டில எழுதுங்க. அப்படின்னா கரண்ட் போனாலும் எழுதிட்டு இருந்தது எஸ்எஸ்டி தான், ஒரிஜினலுக்கு ஒண்ணும் ஆகாது. லேப்டாப்புக்கு வேகமும் கிடைக்கும், ஒரு எடத்துல படிச்சு இன்னொரு எடத்துல எழுதுறதால டிஸ்க் முள்ளு அங்கயும் இங்கயும் ஓட வேண்டியதில்ல.

மோல்மீனுக்கு பென்டிரைவ் அனுப்புறப்ப அது பேட்32-ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரு பைல ஏத்துக்காது, நீளமான கிளிப்போட ப்ராக்ஸி அதத் தாண்டும். காப்பிக்கு மட்டும் எக்ஸ்பேட் பரவால்ல, வேலை எதுவும் அதுல பண்ணப் போறதில்லையே.

கோயில் கமிட்டிக்குக் குடுக்குறது பத்தி யாரும் சொல்லல. அவங்களுக்கு டிஎன்எக்ஸ்எச்ஆர்ல குடுத்தா டிவில போட்டுப் பாக்க முடியாது. 1080பி எச்.264, 20 எம்பிபிஎஸ், எம்பி4. புகை, தணல், ஆடுற தீபம்னு படம் முழுக்க அசைவு இருக்கற வீடியோ இது, 8 எம்பிபிஎஸ்ல எக்ஸ்போர்ட் பண்ணா குழிப் பக்கம் எல்லாம் குழைஞ்சு போய்த் தெரியும், பிட்ரேட்ல கஞ்சம் பண்ணாதீங்க.


பழைய டேப் (ரங்கூன்):

நான் எடிட்டர் இல்ல, எங்க வீட்லயும் சொந்தக்காரங்க வீட்லயும் இருக்க விஎச்எஸ் டேப் எல்லாம் கம்ப்யூட்டருக்கு ஏத்திட்டு இருக்கேன், அதுல எண்பது தொண்ணூறுகள்ல எடுத்த திருவிழாவும் இருக்கு. எனக்கும் இதே கேள்வி தான், ஆனா எடிட்டிங்குக்கு இல்ல, காலத்துக்கும் வச்சுக்கறதுக்கு. ப்ரோரெஸா டிஎன்எக்ஸா?


கலர் டெஸ்க் (ரங்கூன்):

அண்ணே, உங்க வேலைக்கு ரெண்டுமே வேண்டாம், எப்எப்வி1 பாருங்க. அது லாஸ்லெஸ், ஒரு பிக்சல் கூட மாறாது, 2021-ல ஆர்எப்சி 9043ன்னு பொது ஆவணமா முறையா வெளியிட்டாச்சு, காசு கட்டுற உரிமைத் தொல்லை எதுவும் கிடையாது. எம்கேவிக்குள்ள போட்டு வைக்கலாம். பிரேமுக்குள்ளயே செக்சம், அதாவது டேட்டா மாறியிருக்கான்னு சரி பாக்குற எண், எழுதி வைக்கும், அதனால பத்து வருஷம் கழிச்சு டிஸ்க்ல ஒரு எடம் கெட்டிருந்தா எந்த பிரேம்ல கெட்டுதுன்னு கண்டுபிடிச்சிடலாம், ப்ரோரெஸ்ல அந்த வசதி இல்ல. அவிழ்க்க சிபியு நெறைய கேக்கும், அதனால எடிட்டிங்குக்கு அது ஆகாது, வச்சுக்கறதுக்கு மட்டும்.

நம்ம பர்மால அப்ப டிவி என்டிஎஸ்சி முறை, அதனால இங்க எடுத்த டேப்ப ஏத்துனா பெரும்பாலும் 720க்கு 480, 29.97, இன்டர்லேஸ், அதாவது ஒவ்வொரு பிரேமும் ஒண்ணு விட்டு ஒரு வரியா ரெண்டு பாதியா இருக்கும். ஏத்துறப்ப டிஇன்டர்லேஸ் பண்ணிடாதீங்க, அப்படியே வச்சுக்கோங்க, வெளிய குடுக்கற காப்பிக்கு மட்டும் பண்ணிக்கலாம். இந்தியால, மலேசியால இருந்து வந்த கல்யாண டேப் இருந்தா அது பேல், 25 பிரேம், ரெண்டையும் ஒரே செட்டிங்ல ஏத்தாதீங்க. மினிடிவி (MiniDV) டேப் ஏதாவது இருந்தா அத எதுக்கும் மாத்தவே வேண்டாம், பயர்வயர் கேபிள்ல அப்படியே இறக்குனா மணிக்கு 13 ஜிபி, டேப்ல இருக்கறது அச்சு அசலா வந்துடும்.


பூக்குழி கேமரா (ரங்கூன்):

அக்கா, அண்ணே, நீங்க எல்லாரும் சொன்ன மாதிரியே பண்ணிட்டேன். சோனி கிளிப் எல்லாத்துக்கும் கால்வாசி ப்ராக்ஸி, டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி, எஸ்எஸ்டில. மொத்தம் 50 ஜிபிக்குக் கொஞ்சம் கம்மி. நடுவுல கரண்ட் போச்சு, பேட்டரி தீர்றதுக்குள்ள நானே நிறுத்திட்டேன், பாதி பைல அழிச்சிட்டு மறுபடி விட்டேன், எதுவும் போகல. மல்டிகேம் இப்ப தண்ணி மாதிரி ஓடுது. அந்த மொதல் கால் வைக்கிற எடத்துல பிரேம் பிரேமா நகத்திப் பாக்க முடியுது, பாதம் தணல்ல படுற பிரேம்ல ஒரு சின்னப் பொறி தெறிக்குது, அது இருக்கறதே இதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது, கட்ட அதுல வச்சுட்டேன். போன் கிளிப்பும் எஸ்க்யூல மாத்துனப்பறம் கடைசி வரைக்கும் சத்தத்தோட ஒட்டி நிக்குது.

ரெண்டு விஷயம் மட்டும். 540-ல பாக்குறப்ப எது போகஸ்ல இருக்கு எது இல்லன்னு தெரிய மாட்டேங்குது, தூரக் கேமராவுல எல்லாமே ஷார்ப்பா இருக்க மாதிரி தெரியுது. அப்புறம் எக்ஸ்போர்ட் பண்றப்ப ப்ராக்ஸில இருந்து எடுத்துடுமோன்னு பயமா இருக்கு.


டைம்லைன் (மோல்மீன்):

போகஸ் பாக்க ப்ளேபேக் மெனுல ப்ராக்ஸி ஹேண்ட்லிங் இருக்கும் அண்ணே, அதுல கேமரா ஒரிஜினலுக்கு மாத்திட்டு ப்ளே பண்ணாம ஒரு பிரேம்ல நிறுத்தி 100 சதவீதம் ஜூம் பண்ணிப் பாருங்க, பாத்துட்டுத் திரும்ப ப்ராக்ஸிக்கு மாத்திடுங்க. ப்ராக்ஸில ஷார்ப்பா தெரியறத நம்பி கிட்டக்க க்ராப் பண்ணிடாதீங்க, கரகம் ஷாட் ஒவ்வொண்ணையும் ஒரிஜினல்ல நிறுத்திப் பாத்துட்டு க்ராப் போடுங்க. டைம்லைன் 1080-ல இருக்கறதால 4கே கிளிப்ப ரெண்டு மடங்கு வரைக்கும் உள்ள தள்ளலாம், அதுக்கு மேல போனா மசமசன்னு தெரியும்.

எக்ஸ்போர்ட்டுக்கு டெலிவர் பக்கத்துல அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ் தொறங்க, யூஸ் ப்ராக்ஸி மீடியான்னு ஒரு டிக் இருக்கும், அது எடுத்து விட்டிருக்கணும், அவ்வளவு தான். சந்தேகமா இருந்தா மொத பத்து செகண்டு மட்டும் ரெண்டர் பண்ணி கூட்டத்துல இருக்க ஒரு முகத்தப் பெருசு பண்ணிப் பாருங்க, ப்ராக்ஸின்னா உடனே தெரிஞ்சிடும்.


பெகு ஸ்டூடியோ அக்கா (பெகு):

அலை தம்பி சொன்ன மாதிரி பைனல் ரெண்டருக்கு நேரம் எடுக்கும், அத ஒரே நீட்டா விடாதீங்க. கரகம் வர்றது, தீமிதி, அன்னதானம்னு டைம்லைன பகுதி பகுதியா பிரிச்சு ஒவ்வொண்ணையும் தனியா டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூல 1080-ல ரெண்டர் பண்ணுங்க, மணிக்கு 99 ஜிபி பிடிக்கும், எஸ்எஸ்டில அவ்வளவு இடம் பத்தாது, அதனால இதுக்கு மட்டும் வெளி டிஸ்க்ல எழுதிக்கலாம். எல்லாம் முடிஞ்சதும் அந்தப் பகுதிகள வரிசையா வச்சு எம்பி4 எடுத்துக்கலாம், அது சீக்கிரம் முடியும், கரண்ட் இருக்கற ஒரு முறைக்குள்ளயே முடிச்சிடலாம். கமிட்டி பாத்துட்டு ஒரு பேர மாத்தணும்னு சொன்னாலும் அந்தப் பகுதி மட்டும் மறுபடி ரெண்டர் பண்ணா போதும்.

வேலை முடிஞ்சு காசு வாங்குனப்பறம் ப்ராக்ஸியையும் அந்த எச்க்யூ பகுதிகளையும் அழிச்சிடுங்க, ப்ராக்ஸி வேணும்னா மறுபடி உருவாக்கிக்கலாம். கேமரா ஒரிஜினல், மாத்துன போன் கிளிப், ப்ராஜெக்ட் பைல், பைனல் எம்பி4 இந்த நாலையும் இன்னொரு டிஸ்க்ல காப்பி எடுத்து வேற வீட்ல வைங்க. அடுத்த வருமானத்துல மொத வேலையா அந்த ரெண்டாவது டிஸ்க்க வாங்குங்க, கேமரா அப்புறம் பாத்துக்கலாம்.


பூக்குழி கேமரா (ரங்கூன்):

சரி அக்கா, டிஸ்க் தான் மொதல்ல. தீமிதி பகுதிய இன்னைக்கு ராத்திரி கரண்ட் வந்ததும் ரெண்டர் விடுறேன். மோல்மீன் நண்பருக்குப் பென்டிரைவ் பஸ்ல ஏத்தியாச்சு.